காலியாக இறங்காத வாளி

இன்ஜின் கயிற்றை இழுப்பதற்கு முன்பே பரமேஸ்வரன் அதற்கு நன்றி சொல்லிவிட்டார். மூடியை இரண்டு தட்டுத் தட்டி, "தெரிமா காசி, தெரிமா காசி" என்று மலாயில் சொன்னார். அதற்குப் பிறகுதான் கயிற்றைப் பிடித்தார். முதல் இழுப்பில் இன்ஜின் இருமியது. அடுத்ததில் புகைந்தது. அதற்கும் அடுத்ததில் ஒருவழியாகப் பிடித்துக்கொள்ள, படகு ஜெட்டித் துறையை விட்டு விலகியது. "பார்த்தியா தங்கச்சி? முன்னாடியே சொல்லிட்டா அதுக்கும் ரோஷம் வந்துரும். செய்யாம இருக்க முடியாது லா."

அவருடைய நன்றிக்கு வேளை பொழுது கிடையாது. ஜெட்டிக் கடையில் தே தாரேக் தேநீர் ஆற்றுபவருக்கு, கோப்பை மேசைக்கு வருவதற்குள் நன்றி போய்ச் சேர்ந்துவிடும். வானம் கறுத்தால், மழை பெய்யாமல் இருக்கப் போவதற்காக அதற்கும் ஒன்று. ஒருமுறை கிள்ளானில் சாலைத் தடுப்பில் நிறுத்திய போலீஸ்காரரிடம், அவர் வாயைத் திறக்கும் முன்பே, தன்னை விட்டுவிட்டதற்கு நன்றி சொல்லியிருக்கிறார். அதற்காகவே கூடுதல் நேரம் நிறுத்தி வைக்கப்பட்டதாக அவர் மனைவி புனிதா சொல்கிறார். புனிதாவும் படகு ஓட்டுவார். அவர் இன்ஜினுக்கு நன்றி சொல்வதில்லை, திட்டுவார். அவருக்கு முதல் இழுப்பிலேயே ஓடும்.

பரமேஸ்வரனுக்கு ஐம்பதுகளின் கடைசி. பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, துறைமுகத்தில் மூட்டை இறக்கி, முதுகு போனபின் இந்தப் படகுக்கு வந்தவர். பெரிய தொப்பை. வெயிலுக்குத் தொப்பி போடாமல் துறைமுகத்துக் காலத்து மஞ்சள் ஹெல்மெட்டையே போட்டுக்கொள்கிறார். கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே, அலையாத்திக் காடு முடிந்து சேறு தொடங்கும் ஒரு சின்ன ஜெட்டியிலிருந்து, நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குக் குடிதண்ணீரும் அரிசியும் எரிவாயுவும் கொண்டுபோய்க் கொடுப்பது தொழில். நீந்தத் தெரியாது. அதைக் கேட்டு நான் அரண்டுபோனபோது, "தண்ணியில எறங்குறதா இருந்தா எதுக்கு தங்கச்சி போட் வாங்குவேன்?" என்று கேட்டார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து இவரைப் பற்றி எழுத வந்த, மழைக்குப் பின் தெருவில் தேங்கும் தண்ணீரைத் தவிர வேறு நீர்ப்பரப்பை அறியாத நான் படகின் விளிம்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் போனது ஒரு கைவிடப்பட்ட கப்பலுக்கு. சரக்குக் கப்பல். பக்கவாட்டில் எழுதியிருந்த பெயரைத் துரு பாதி தின்றுவிட்டது. எந்த நாட்டு முதலாளி என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஒருநாள் சம்பளம் வரவில்லை, பிறகு டீசல் வரவில்லை, கடைசியில் முதலாளி தொலைபேசியையே எடுக்கவில்லை. கப்பல் வழக்குக்குப் போனது. மாலுமிகள் இரண்டு மூன்று பேராக ஊர் திரும்பினார்கள். ஆனால் நங்கூரத்தில் நிற்கும் கப்பலை ஆளில்லாமல் விடக்கூடாது என்பது விதி. யாராவது ஒருவர் இருந்துதான் ஆக வேண்டும். அந்த ஒருவராக மாட்டிக்கொண்டவர் நாகப்பட்டினத்துக்காரர் கலியமூர்த்தி. இரண்டு மழைக்காலமாக அந்த இரும்புக்குள் தனியாக இருந்தார்.

ஜெட்டிக்காரர்கள் முதலில் அந்தக் கப்பலுக்கு வைத்த பெயர் சனியன். அதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் இதேபோல் கைவிடப்பட்ட ஒரு கப்பல், நங்கூரம் அறுந்து வந்து சேற்றில் உட்கார்ந்தது. அதன் வயிற்றில் இருந்த எண்ணெய் முழுக்க வெளியே வந்தது. இந்தக் கரையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் சேறுதான் வயல். அதில்தான் கெராங் சிப்பி விளைகிறது. சிப்பி செத்தது. பிழைத்த நண்டை வேகவைத்தால் அடுப்பங்கரையே பெட்ரோல் கடைபோல நாறியது. பாசாரில் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே கூடையை ஒதுக்கி வைத்தார்கள். சேறு மறுபடி சேறாக நெடுங்காலம் பிடித்தது. அலையாத்தி வேர்களில் இன்றைக்கும் கறுப்புக் கோடு இருக்கிறது. பரமேஸ்வரன் படகை நிறுத்தி எனக்குக் காட்டினார். அந்த மனிதர்கள் வாசலில் இன்னொரு துருப்பிடித்த கப்பல் வந்து நின்றால் சனியன் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்?

கப்பலின் அடியில் போனதும் பரமேஸ்வரன் துடுப்பால் இரும்புச் சுவரை இரண்டு முறை தட்டினார். உயரத்தில் ஒரு தலை தெரிந்தது. கயிற்றில் கட்டிய நீல பிளாஸ்டிக் வாளி ஆடி ஆடி இறங்கியது. அதற்குள் முந்தைய முறை போன டிபன் கேரியர், பளிச்சென்று கழுவப்பட்டு. பரமேஸ்வரன் அதை எடுத்து மேல் அடுக்கைத் திறந்தார். ஒரு பிடி முளைக்கீரை, வேரில் மண்கூட இல்லாமல்.

"பார்த்தியா? கப்பல்ல கீரை போட்டிருக்கான். பழைய பெயிண்டு டின்னுல. வெதை நான்தான் ஜெஞ்சாரோம் பாசார்ல வாங்கிக் குடுத்தேன்."

பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்பது நம் வீடுகளில் யாரும் சொல்லித் தராமலே வந்துவிடுகிற வழக்கம். பக்கத்து வீட்டுக் குழம்பு வந்த கிண்ணத்தில் ஒரு பிடிச் சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவோம். சம்பளமில்லாத, கடையில்லாத, தரையே இல்லாத ஒரு மனிதர் அந்த வழக்கத்தை விடாமல் வைத்திருந்தார். தூண்டிலில் மீன் விழுந்தால் மீன். விழாத நாளில் கப்பல் கயிற்றில் முடிந்த ஒரு உருண்டை முடிச்சு. இல்லையென்றால் மினுக்கித் துடைத்த ஒரு பித்தளைத் திருகாணி. பரமேஸ்வரன் வீட்டுக்குப் போனால் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே இவற்றுக்கென்று ஒரு தட்டு இருக்கிறது. புனிதா வெள்ளிக்கிழமைதோறும் திருகாணிகளுக்கும் சேர்த்து சாம்பிராணி காட்டுகிறார்.

"சும்மா வாங்கிட்டுப் போற ஆளில்ல அவன்," என்றார் பரமேஸ்வரன், மேலே பார்த்துக் கையாட்டியபடி. அந்த 'அவன்' என்பதில் தம்பி என்கிற உரிமை இருந்தது.

சனியன் 'மூர்த்தி கப்பல்' ஆனது ஒரு காலை வேளையில். சுமத்ரா பக்கமிருந்து அடிக்கும் காற்று அன்று மழையோடு வந்தது. ஜெட்டியில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு கரையை நோக்கி நகர ஆரம்பித்தது. அவசரமில்லாமல் வந்தது என்று சொல்கிறார்கள். அதுதான் பயமாக இருந்ததாம். வலை கட்டும் கம்புகளையும், அவற்றுக்குப் பின்னால் இருந்த சேற்றையும் அது தொட அதிக நேரம் ஆகியிருக்காது. கப்பலில் மின்சாரம் இல்லை, இன்ஜின் இல்லை, இருந்தது ஒரே ஒரு ஆள். கலியமூர்த்தி முன்தளத்துக்கு ஓடி, துருவேறி இறுகிக் கிடந்த இரண்டாவது நங்கூரத்தின் பிடியைச் சுத்தியலால் அடித்து அடித்தே விடுவித்தார். சங்கிலி கடலுக்குள் ஓடிய சத்தம் ஜெட்டிவரை கேட்டது. அந்த மழையிலும் சிவப்பாகத் துருத்தூள் மேலே கிளம்பியது. கப்பல் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது.

காற்று ஓய்ந்ததும் முதலில் போனவர் பரமேஸ்வரன். மேலே பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாராம், வரவில்லையாம். உலகத்தில் எல்லாவற்றுக்கும் முன்பணமாக நன்றி கொடுத்தவருக்கு, அன்றைக்குப் பின்னால் கொடுக்க வேண்டி வந்ததும் கையிருப்பு தீர்ந்துவிட்டது போல. வாளி இறங்கியது. உள்ளே வழக்கம்போல் கழுவிய கேரியர், வழக்கம்போல் ஒரு திருகாணி. கயிற்றில் மட்டும் ரத்தக் கறை இருந்தது. கலியமூர்த்தியின் உள்ளங்கைகள் உரிந்துபோயிருந்தன. அன்று முதல் ஜெட்டியில் வீட்டுக்கு வீடு சமையல் ஒரு ஆளுக்குக் கூடியது.

நன்றி கூடினால் கொஞ்சம் கிறுக்குத்தனமும் கூடும். கப்பல் இருட்டாக நிற்கிறதே என்று, கிள்ளான் லிட்டல் இந்தியாவில் தீபாவளிக்கு விற்ற வெயிலில் சார்ஜ் ஆகும் விளக்குச் சரங்களை வாங்கி, கலியமூர்த்தி தடுக்கத் தடுக்கக் கேட்காமல் கப்பல் முழுக்கக் கட்டிவிட்டார் பரமேஸ்வரன். சிவப்பு, பச்சை, நீலம், எல்லாம் விட்டு விட்டு எரிகிற ரகம். கடலில் சிவப்புக்கு ஒரு அர்த்தம், பச்சைக்கு ஒரு அர்த்தம். நிற்கிற கப்பலுக்கு வெள்ளை மட்டும்தான். அந்தியில் திரும்பிய ஒரு மீனவர், கப்பல் தன்னை நோக்கி வருகிறது என்று நினைத்துப் படகைத் திருப்பிச் சேற்றில் ஏற்றிவிட்டார். கரையோர அதிகாரி தொலைபேசியில், "இது கப்பலா, கல்யாண மண்டபமா?" என்று மலாயில் கேட்டாராம். பரமேஸ்வரன் சரங்களைக் கழற்றிவிட்டு வெள்ளை விளக்கை மட்டும் மாட்டினார். "ஆனா அழகா இருந்துச்சு லா," என்பதை மட்டும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், வாளியில் கேரியர் காலியாக இறங்கியது.

நான் அன்று படகில் இல்லை. புனிதா சொல்லித்தான் தெரியும். நான்கு அடுக்கையும் திறந்து பார்த்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை. கழுவக்கூட இல்லை, குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. மேலே கூப்பிட்டால் பதில் இல்லை. வேறு யாராக இருந்தாலும் ஏதோ மறதி என்று அடுத்த கப்பலுக்குப் போயிருப்பார்கள். "ஏதோ ஆயிருச்சு புள்ள," என்றார் பரமேஸ்வரன். ஹெல்மெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நீந்தத் தெரியாத அந்த மனிதர், தொப்பையும் போன முதுகுமாக, பக்கவாட்டில் தொங்கிய கயிற்று ஏணியில் ஏறினார். கீழே நின்ற புனிதா கூப்பிடாத தெய்வம் இல்லை.

கலியமூர்த்தி நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில் கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் இல்லை. அடி எதுவும் படவில்லை. முந்தின நாள் ஊரில் அவர் மகள் கார்த்திகாவுக்குச் சடங்கு. அப்பன் நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பன் நின்றிருக்கிறார். மனைவி வள்ளியம்மாள் படங்களை அனுப்பியிருக்கிறார். அவற்றைப் பார்த்ததிலிருந்து அவர் சாப்பிடவில்லை, தொலைபேசியையும் அணைத்துவிட்டார்.

"தம்பி, பாத்திரம் காலியா வந்துச்சு," என்றார் பரமேஸ்வரன் மூச்சு வாங்க.

"குடுக்குறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லண்ணே."

"கீரை இருக்கே."

"புடுங்கத் தோணல." பிறகு அவரே சொன்னார்: "எறங்கவும் விட மாட்டேங்குறாங்க. நாளைக்கே விட்டாங்கன்னு வச்சுக்கங்க, எதை எடுத்துக்கிட்டுப் போறது? வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவன்னு ஊர்ல பேரு. வெறுங்கைய வீசிக்கிட்டுப் போயி வாசல்ல நிக்கவா? அதுக்கு இந்தத் துருவோட துருவா இங்கயே கெடந்துட்டுப் போறேன்."

பரமேஸ்வரன் கீரையைத் தானே பிடுங்கி, கேரியரைத் தானே கழுவி, வாளியில் வைத்து இறக்கினார். புனிதாவுக்கு அதைப் பார்த்ததும் உயிர் வந்தது. பிறகு இருட்டும்வரை கலியமூர்த்தியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார்.

மறுநாள் ஜெட்டிக் கடையில் எல்லோரையும் கூட்டினார். மூர்த்தி ஊருக்குப் போக வேண்டும் என்றார். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை; ஒருவரும் சரி என்றும் சொல்லவில்லை. கடைசியில் ஜெட்டிச் சங்கத் தலைவர் விஜயன்தான் வாயைத் திறந்தார். "நல்ல மனுஷன்தான் அண்ணே, நம்ம சோத்தக் காப்பாத்துனவரு. ஆனா அவரு எறங்கிட்டா கப்பல யாரு பார்க்கிறது? அடுத்த காத்துக்கு யாரு சங்கிலிய விடுறது? எண்ணெய் இன்னும் உள்ளதான் இருக்கு. நம்ம புள்ளைங்க என்ன சாப்பிடும்?"

விஜயனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நன்றி ஒரு பக்கம், சேறு ஒரு பக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க யாருக்கும் கை வரவில்லை.

"நான் ஏறிக்கிறேன்," என்றார் பரமேஸ்வரன்.

கடை சிரித்தது. நீந்தத் தெரியாதவர், முதுகு போனவர், கப்பலுக்குக் காவலா? அவர் சிரிக்கவில்லை. "அவன் கத்துக் குடுத்துட்டான் லா. சுத்தியல் எங்க அடிக்கணும்னு எனக்குத் தெரியும். எறங்கத்தான் எனக்குப் பயம், ஏறுறதுக்கு இல்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் யாராச்சும் மாத்துங்க, கோயிலுக்குப் போய்ட்டு வரேன்." ஞாயிற்றுக்கிழமையை விஜயன் எடுத்துக்கொண்டார்.

துறைமுக அலுவலகம் லேசில் சம்மதிக்கவில்லை. பரமேஸ்வரன் போன முதல் நாளே அதிகாரியின் கையைப் பிடித்து, அனுமதி கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டார். கொடுக்கவில்லையே என்றார் அதிகாரி. பரவாயில்லை, கொடுக்கும்போது நான் இருக்க மாட்டேனோ என்னவோ என்றார் இவர். பிறகு தினமும் போய் நன்றி சொன்னார். கடைசியில் அந்த அதிகாரியே மேலிடத்தில் பேசி, வழக்கைக் கவனிப்பவர்களிடமும் சொல்லி, பாக்கிச் சம்பளத்துக்கான கோரிக்கை கலியமூர்த்தி இறங்கினாலும் போகாது என்று எழுதியும் வாங்கிக் கொடுத்தார். நன்றியின் தொல்லை தாங்காமல் ஒரு நல்ல காரியம் நடந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

கலியமூர்த்தி புறப்படும் நாள் நானும் போயிருந்தேன். ஜெட்டியில் கால் வைக்க இடமில்லை. வெறுங்கை என்று அவர் சொன்ன சொல்லைப் புனிதா வீட்டுக்கு வீடு கொண்டுபோயிருக்கிறார். கோடாலித் தைலம், மைலோ டின், காய்ந்த நெத்திலி, கைலி, மகளுக்குச் சாக்லேட் என்று இரண்டு பெரிய பைகள் நிறைந்திருந்தன. விஜயனின் மனைவி கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் பஸ் ஏறிப் போய் வள்ளியம்மாளுக்கு ஒரு சேலை வாங்கி வந்திருந்தார். சேற்றைவிட்டு வெளியூர் போகாத ஒரு சீனப் பெரியவர், ஒரு பொட்டலம் இறால் அப்பளத்தைக் கொண்டுவந்து பையில் திணித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனார். எனக்குக் கண் கரித்தது. உப்புக் காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

பைகளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு புனிதா இன்ஜினைத் திட்டினார். முதல் இழுப்பிலேயே ஓடியது. பரமேஸ்வரன் தலையணையும் ஹெல்மெட்டுமாக முன்னால் உட்கார்ந்திருந்தார். கப்பலை அடைந்ததும் அவர் ஏறினார். சற்று நேரத்தில் கலியமூர்த்தி இறங்கினார். மெலிந்த மனிதர், நாற்பதுக்கு மேல் இருக்காது, உள்ளங்கைகளில் மட்டும் கிழவருடைய தோல். பைகளைப் பார்த்தார். யாருடையவை என்று புனிதாவைக் கேட்டார். "உங்களோடதுதான் தம்பி, வேற யாரோடது?" அவர் அவற்றைத் தொடவில்லை. முழங்காலில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

படகு துறைமுகத்தை நோக்கித் திரும்பும் சமயம், மேலிருந்து இரும்பை இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. நீல வாளி ஆடி ஆடி இறங்கியது. உள்ளே அதே டிபன் கேரியர். புனிதாவுக்கே தெரியாமல் பரமேஸ்வரன் கட்டி எடுத்துப் போயிருக்கிறார். திறந்தால் அடுக்கடுக்காக முறுக்கு, நெத்திலி சம்பல், கடைசி அடுக்கில் கீரை விதைப் பொட்டலம்.

"கேரியரு உனக்குத்தான்!" என்று மேலிருந்து கத்தினார் பரமேஸ்வரன். "வீட்டுக்குக் கொண்டு போ. ஊர்ல போடு அந்த வெதைய!"

கலியமூர்த்தி கேரியரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாளி காலியாக அவர் முன்னால் தொங்கியது. அவர் சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பைகளைத் தடவினார். இரண்டு பெரிய பைகளைப் பார்த்தார். அது எல்லாம் பிறர் கொடுத்தது. கடைசியில் அந்த மனிதர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் வாளிக்குள் வைத்து, அடியில் அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

காலி வாளியை ஒரு கையால் சுண்டி இழுத்துவிடலாம். பரமேஸ்வரன் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, இரண்டு கையாலும், நிறைகுடத்தைக் கிணற்றிலிருந்து சிந்தாமல் எடுப்பது போல, மெதுவாக, மிக மெதுவாக அதை மேலே இழுத்தார்.